பிள்ளை சொன்னதை எழுதுங்கள்

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை வாய் நிறையப் பேச்சோடுதான் வருகிறது. ஆடு குட்டி போட்டது, திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா பொங்கலுக்கு வந்தது, தெருநாய் துரத்தியது என்று அதற்குச் சொல்ல எவ்வளவோ உண்டு. அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அதன் வாழ்வோடு ஒட்டாத ஒரு வரியைப் பத்து முறை எழுதச் சொல்கிறோம். மொழிப் பாடம் கசக்கத் தொடங்குவது இங்கேதான்.

தமிழ்நாட்டில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரிலேயே கரும்பலகை அமைத்தது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பாட்டையும் கதையையும் பொம்மையையும் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய மாற்றங்கள். ஆனாலும் பாட்டு மேலிருந்து வருகிறது, கதையும் மேலிருந்து வருகிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாட்டை ஒரே அபிநயத்தோடு பாடுவது நல்ல பயிற்சிதான். அதைப் படைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர், 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ நூலில் தம் முறையை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். கேட்ட சொல்லை அட்டையில் பெரிதாக எழுதி அதன் கையிலேயே கொடுப்பார். மறுநாள் எல்லா அட்டைகளையும் தரையில் கொட்டினால், அவரவர் சொல்லை அவரவர் தேடி எடுக்க வேண்டும். அடையாளம் தெரியாத அட்டையை ஒதுக்கிவிடுவார். பிள்ளை மக்கு என்பதால் அல்ல, அந்தச் சொல் அதன் மனத்தில் வேர் பிடிக்கவில்லை என்பதால். பேய், முத்தம் போன்ற சொற்கள் ஒரே பார்வையில் பதிந்தன. அச்சமும் அன்பும் இருக்கும் இடத்தில் எழுத்து தானாக ஒட்டிக்கொள்கிறது. அன்றைய பாடப்புத்தகத்தில் இருந்ததோ அந்தப் பிள்ளைகள் கண்டிராத வீடும் குடும்பமும்.

நம் வகுப்பறைக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். ‘எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு’ என்று பிள்ளை சொன்னால், அப்படியே எழுத வேண்டும். பேச்சுத் தமிழை எழுதலாமா என்று கை தயங்கும். தாராளமாக எழுதலாம். தான் பேசியது எழுத்தாகி நிற்பதை முதன்முதலில் பார்க்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. புத்தகத் தமிழ் வடிவத்தை அடுத்த வகுப்பில் அதன் கீழேயே எழுதிக் காட்டலாம். அடித்துத் திருத்த மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, விடுகதை. விடை கண்டுபிடிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், பிள்ளைகளையே விடுகதை போடச் சொல்லுங்கள். துடைப்பத்தையோ குடையையோ பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டுமானால், அதன் நிறம், வேலை, இருக்கும் மூலை என்று உற்றுப் பார்த்தாக வேண்டும். கட்டுரைக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி நியாயமானது. ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள் போதும். ஒரு வாரத்தில் பெரும்பாலான வகுப்புகளில் ஒரு சுற்று வந்துவிடும். பதிவேடு நிரப்புவதிலும் செயலியில் பதிவேற்றுவதிலும் ஆசிரியர் செலவிடும் நேரத்தைத் துறை குறைத்தால், இன்னும் பலருக்கு முறை வரும்.

ஆசிரியர்களே, நாளை எழுதும் அட்டைகளைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டிவையுங்கள். பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிகளே, நோட்டுகளைப் புரட்டும் முன் அந்தச் சுவரைப் படியுங்கள்.