திராவிட மொழிகளுக்கு வயது 4,500: இந்தக் கணக்கை எப்படிப் போட்டாங்க?

'தமிழுக்கு வயசு 4,500 வருஷம், கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு' என்கிற மாதிரியான பதிவுகளை நீங்களும் பார்த்திருக்கலாம். 2018 மார்ச்சில் 'ராயல் சொசைட்டி ஓபன் சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில் இருக்கும் எண் அது. ஆனால் அந்த ஆய்வு தமிழின் வயதைச் சொல்லவே இல்லை. தமிழ், தெலுங்கு, கோண்டி, குரூக், பிராகுயி எல்லாத்துக்கும் பொதுவான மூல மொழி, கிளைகளாகப் பிரியத் தொடங்கி சுமார் 4,500 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்றுதான் சொன்னது.

கணக்கு எப்படி?

20 திராவிட மொழிகளில், கண், நாய், நீர் போன்ற அடிப்படைச் சொற்களைச் சேகரித்தார்கள். தமிழில் நாய், மலையாளத்தில் நாய, கன்னடத்தில் நாயி. மூன்றும் ஒரே வேர், அதனால் 1. தெலுங்கில் குக்க, வேறு வேர், அதனால் 0. இப்படி அட்டவணை முழுக்க ஒன்றும் பூஜ்யமும்தான்.

பிறகு கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான வம்சாவளி மரங்களை வரைந்து பார்த்து, அட்டவணையோடு நல்லா பொருந்துகிற மரங்களுக்கு அதிக மதிப்பு கொடுக்கும். கொரோனா வைரஸ் எந்தக் கிளையிலிருந்து எப்போது உருமாறியது என்று கண்டுபிடித்ததும் இதே வகைக் கணக்குதான்.

இங்கதான் ஒரு சிக்கல். தமிழுக்கு 'நீர்' என்று எழுதுவதா, நாம பேசுற 'தண்ணி'யா? தண்ணீருக்குள்ளும் நீர் இருக்கே, அது 1 தானே? கம்ப்யூட்டருக்கு முன்னாடியே ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டியிருக்கு.

வருஷம் எங்கிருந்து வந்தது?

1950களில் அமெரிக்க மொழியியலாளர் மோரிஸ் ஸ்வாதேஷ், ஆயிரம் ஆண்டுகளில் அடிப்படைச் சொற்களில் சுமார் 14 சதவீதம் மாறும் என்று ஒரே வேகத்தை வைத்தார். ஐஸ்லாந்து மொழி அதை உடைச்சிடுச்சு. நார்வேயில் நிறைய சொற்கள் மாறிய அதே காலத்தில் அங்கே மிகக் கொஞ்சம்தான் மாறியிருந்தது. அதனால் இப்போதைய மாதிரிகள் ஒவ்வொரு கிளைக்கும் வெவ்வேறு வேகத்தை அனுமதிக்கின்றன. கல்வெட்டு போன்ற தேதி தெரிந்த சான்றுகளை வைத்து மரத்தை ஆண்டுகளோடு கட்டுகிறார்கள்.

எவ்வளவு நம்பலாம்?

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் கதையைப் பாருங்க. 2003-ல் வந்த கணக்கு சுமார் 8,700 ஆண்டுகள் என்றது. 2015-ல் இன்னொரு குழு, லத்தீன் போன்ற பழைய மொழிகளை இன்றைய மொழிகளின் நேரடி முன்னோராக வைத்துக் கணக்கிட்டது. விடை சுமார் 6,500-க்கு இறங்கியது. 2023-ல் 161 மொழிகளை வைத்துச் செய்த ஆய்வில் மறுபடியும் சுமார் 8,100. முறை ஒன்றுதான், அனுமானம் மாறினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நகருது.

திராவிடக் கணக்கிலும் அதே கதைதான். 4,500 என்பது நடு மதிப்பு, இரண்டு பக்கமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நகரலாம். பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி, பலூச்சியிலிருந்து ஏராளமாகக் கடன் வாங்கிய மொழி. கடன் சொல் வந்து சொந்தச் சொல் போய்விட்டால், ரொம்ப காலத்துக்கு முன்பே பிரிந்த மொழி போலக் கணக்கில் தெரியும். பெரிய கிளைகளில் எது முதலில் பிரிந்தது என்பது உறுதியாகவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

4,500 ஆண்டுகளுக்கு முன் என்றால் சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்த காலம். அதனால்தான் இந்த எண்ணை வைத்து 'சிந்துவெளியில் பேசியது திராவிடம்' என்றும் சிலர் எழுதுறாங்க. இந்த மாதிரி கணக்கிட்டது காலத்தை மட்டும்தான், இடத்தை இல்லை. சிந்துவெளி எழுத்து இன்னும் வாசிக்கப்படாததால், அந்த மக்களின் ஒரு சொல்கூட இந்த அட்டவணையில் கிடையாது.