ரயில் கட்டணம்

அண்மையில் ஒரு விருது அறிவிக்கப்பட்டது. யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதில் நமக்குத் தகராறு இல்லை. பரிசுத் தொகை ஒரு எழுத்தாளரின் கடனை அடைத்தால் நல்லதுதான். நமது புகார் பாராட்டுரையில் உள்ள ஒரே ஒரு வாக்கியத்தின் மேல். அமெரிக்க நாவலாசிரியர் எடித் வார்ட்டனின் ‘ஈதன் ஃப்ரோம்’ போலவே இந்த நாவலும் கடமைக்கும் காதலுக்கும் நடுவே தவிக்கும் ஆன்மாவின் நித்தியத் தனிமையைப் பேசுகிறதாம். அது போதாதென்று இன்னொரு இதழ் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறது. பனி வருகிறது, மௌனம் வருகிறது, கீர்க்ககார்ட் வருகிறார். ஈதன் ஃப்ரோம் மட்டும் கடைசிவரை வந்து சேரவில்லை.

1911இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவலில் ஈதனைக் கட்டிப்போட்டது ஐம்பது டாலர். மனைவி ஜீனா புது டாக்டரைப் பார்க்க வெளியூர் கிளம்புகிறாள்; ஓர் இரவு தங்கித்தான் திரும்புவாள். வீட்டில் ஒத்தாசைக்கு இருக்கும், தான் காதலிக்கும் மேட்டியோடு இருக்க ஆசைப்பட்டு, ஜீனாவை ரயிலடிக்குக் கொண்டுபோய் விடாமல் தப்பிக்க, மரம் வாங்கிய ஆண்ட்ரூ ஹேலிடம் பணம் வசூலிக்கப் போக வேண்டும் என்று ஈதன் ஒரு பொய் சொல்கிறான். ஹேல் மூன்று மாதத்துக்கு முன்னால் காசு தருகிறவர் அல்ல. பொய்யை மெய்யாக்க அவரிடம் போய் ஐம்பது டாலர் முன்பணம் கேட்கிறான். அவர் சிரித்து மழுப்பிவிட்டு, ஏதாவது நெருக்கடியா என்று விசாரிக்கிறார். இல்லவே இல்லை என்று ரோஷத்தோடு சொல்லிவிட்டுத் திரும்புகிறான். மறுநாள் மாலை ஜீனா வந்து, டாக்டர் வேலைக்காரி வைக்கச் சொல்லிவிட்டார், ஆளும் பேசியாயிற்று, மேட்டி இனி வேண்டாம் என்கிறாள். சம்பளத்துக்கு எங்கே போவது என்கிறான் ஈதன். ஹேலிடம் வாங்கப் போன பணம் எங்கே என்கிறாள் அவள். காதலுக்காகச் சொன்ன பொய் கடன்காரனைப் போல வாசலில் வந்து நிற்கிறது. நித்தியத் தனிமையைப் பற்றி எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டும்போது தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்று இரவு ஈதன், மேட்டியோடு மேற்கே போய்விடுவதாக ஜீனாவுக்குக் கடிதம் எழுத உட்காருகிறான். எழுதும்போதே கணக்குப் பார்க்கிறான். பண்ணை கழுத்துவரை அடமானத்தில் இருக்கிறது. விற்றாலும் ஜீனாவுக்கு என்ன மிஞ்சும் என்று தெரியாது. கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும் செய்தித்தாளில் மேற்கே செல்லச் சலுகைக் கட்டணம் என்று ஒரு விளம்பரம். கட்டணத்தைப் பார்க்கிறான். ஒருவருக்கே பணம் இல்லை. இருவருக்கு எங்கே போவது? உலக இலக்கியத்தில் வீட்டைவிட்டு ஓடிப்போகும் காதலர்கள் எத்தனையோ பேர். டிக்கெட் விலை பார்த்து நின்றுபோனவன் இவன் ஒருவன்தான் நம் நினைவுக்கு வருகிறான்.

ஐம்பதை இன்னும் கொஞ்சம் துரத்துவோம். மேட்டி அந்த வீட்டுக்கு வந்ததே எப்படி? அவள் தகப்பன் உறவுக்காரர்களின் சேமிப்பையெல்லாம் வியாபாரத்தில் போட்டு அழித்துவிட்டுச் செத்துப்போகிறான். உண்மை வெளிப்பட்ட அதிர்ச்சியில் தாயும் போகிறாள். இருபது வயதுப் பெண்ணின் கையில் மிஞ்சியது, பியானோவை விற்றுக் கிடைத்த பணம். எவ்வளவு? அதே ஐம்பது டாலர். சுருக்கெழுத்தும் கணக்கெழுத்தும் கற்கப் போய் உடம்பு கெட்டது. கடை கவுண்டரில் ஆறு மாதம் நின்றதில் இன்னும் கெட்டது. பணத்தைப் பறிகொடுத்த உறவினர்கள், ஜீனாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றதும், அசலை வசூலிப்பது போல அவளைச் சம்பளமில்லாமல் அனுப்பிவைத்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே தொகை வருவதை வார்ட்டன் கவனிக்காமல் எழுதியிருப்பார் என்று நாம் நம்பத் தயாராக இல்லை.

கதையைச் சொல்லும் பெயரில்லாத பொறியாளர்கூட ஒரு கூலித் தகராறில்தான் ஈதனின் ஊரான ஸ்டார்க்ஃபீல்டில் மாட்டிக்கொள்கிறார். மின்நிலைய வேலைக்கு வந்தவருக்கு, தச்சர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் குளிர்காலம் முழுக்க அங்கே தங்க நேர்கிறது. அந்தச் சம்பவங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஐம்பத்திரண்டு வயது ஈதன், நொண்டிக்கொண்டு, ஒரு டாலருக்கு அவரைப் பனிவண்டியில் ஏற்றிச் செல்கிறான். வேலைநிறுத்தம் இல்லையேல் நாவலே இல்லை. இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றலாம். தோன்றட்டும்.

இதெல்லாம் பழைய பொருள்முதல்வாதக் குறுக்கல் என்று சொல்ல நம் குழுவிலேயே ஒருவர் இருக்கிறார். அவர் நதானியேல் ஹாதார்ன் பக்தர். ஒரு காலத்தில் நாங்கள் எல்லோருமே அந்த மயக்கத்தில்தான் இருந்தோம். ஹாதார்னின் ‘ஈதன் பிராண்ட்’ கதையை இரவெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறோம். மன்னிக்கவே முடியாத பாவத்தைத் தேடி உலகம் சுற்றிவிட்டு, அது தன் நெஞ்சிலேயே இருப்பதைக் கண்டு, சுண்ணாம்புக் காளவாயில் விழுந்து சாகிறவன் அவன். விடிந்து பார்த்தால் எலும்புக்கூட்டுக்குள் இதயமும் சுண்ணாம்பாகிக் கிடக்கும். வார்ட்டனின் கதை நடப்பதும் அதே மேற்கு மாசசூசெட்ஸ் பக்கம்தான். ஈதன் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததாகவே தோன்றுகிறது. ஜீனாவின் முழுப்பெயரான ஜெனோபியாவும் ஹாதார்னின் ஒரு நாவலில் இருப்பது. வார்ட்டன் பெயர்களை எடுத்துக்கொண்டார், பாவத்தைக் கழற்றி வைத்துவிட்டார். ஹாதார்னின் ஈதன் போய்த் தேடியதை இவருடைய ஈதனுக்குத் தேட நேரமில்லை. அவனுக்கு மரம் அறுக்கிற வேலை இருக்கிறது.

சரி, கடமை? ஒரே ஓர் இடத்தில் அது வருவது போல இருக்கிறது. மேட்டி கிளம்பும் நாள் காலையில், வேலைக்காரிச் சம்பளம் என்று பாதிப் பொய் சொல்லி ஹேலிடம் மறுபடி பணம் கேட்கப் போகிறான் ஈதன். வழியில் ஹேலின் மனைவி எதிர்ப்படுகிறாள். நீ பட்ட பாடு யாரும் பட்டிருக்க மாட்டார்கள் என்று பரிவாக ஒரு சொல் சொல்கிறாள். அவ்வளவுதான், வந்த வழியே திரும்பிவிடுகிறான். தன்மேல் இரக்கப்படுகிறவர்களை ஏமாற்றிப் பணம் வாங்கக் கூசுகிறது. இதில் மனைவிக்குச் செய்யும் கடமை எங்கே இருக்கிறது? கடன் கேட்கப் போனவனின் நாணயம் அது. விமர்சகர் லயனல் டிரில்லிங் 1950களில் இந்த நாவலில் அறத் தேர்வே இல்லை, வெறும் செயலின்மையின் அறம்தான் என்று குறைபட்டார். பெரிய மனிதர், ஆனால் அந்தச் சாலையில் ஈதன் திரும்பி நடந்ததை அவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று நமக்கு விளங்கவில்லை.

இவ்வளவையும் எழுதியவர் ஏழை அல்ல என்பதுதான் வேடிக்கை. லெனாக்ஸில் வேலையாட்கள் சூழ மாளிகையில் வாழ்ந்தவர், மோட்டார் காரில் அந்த மலைக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்தவர். கணவருக்கு மனநோய். இவரது பணத்திலும் அவர் கைவைத்திருந்தார். ஏறக்குறைய அந்த நாட்களில்தான் வார்ட்டனுக்கு இன்னொருவரோடு காதலும் இருந்தது. நோயாளித் துணை, வெளியே சொல்ல முடியாத காதல்: ஈதனின் நிலையேதான். 1913இல் வார்ட்டன் விவாகரத்து வாங்கினார், பிரான்சிலேயே இருந்துவிட்டார். அவரிடம் ரயில் கட்டணம் இருந்தது. இல்லாதவன் என்ன ஆவான் என்று யோசிக்கும் நேர்மையும் இருந்தது.

பாராட்டுரையின் நித்தியத் தனிமைக்குத் திரும்புவோம். எழுபதுகளில் அந்நியமாதல் என்ற கருத்து இங்கே வந்து இறங்கியது முதல் நம் ஆட்களுக்குத் தனிமை என்றால் அது அறைக்குள், சிகரெட் புகைக்குள்தான் நிகழ வேண்டும். ஈதனின் தாய் பேச்சை நிறுத்தியதற்கு ஒரு காரணம், ரயில் ஓடத் தொடங்கியபின் அவள் வீட்டைக் கடந்து சாலையில் யாரும் போகாமல் போனது. தனிமைக்கு இப்படி ஒரு காரணம் இருந்தால் அது இலக்கியத்துக்கு இழுக்கு என்று நம் பாராட்டுரைக்காரர்கள் நினைக்கிறார்கள். எதிர் முகாம்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? அவர்கள் அடமானத்தைப் பார்த்துவிட்டு வர்க்கம் என்று எழுதி மூடிவிடுவார்கள். மேட்டியின் சிவப்புச் சால்வை அவர்கள் கண்ணில் படாது.

இரண்டு முகாமும் சேர்ந்து கைவிட்டவள் ஜீனா. முதலில் சொன்ன அந்தக் கட்டுரை அவளைப் பிசாசு என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மாமியாருக்குப் பணிவிடை செய்ய வந்தவள் அவள். மாமியார் செத்த குளிர்காலத்தில், தனியாக இருக்கப் பயந்து ஈதன்தான் அவளை நிறுத்திக்கொண்டான். பண்ணையை விற்றுவிட்டு நகரத்துக்குப் போவதாகப் பேச்சு. வாங்க ஆள் வரவில்லை. ஒரே வருடத்தில் அவள் நோயாளியானாள். எப்படி இயக்குவதென்றே கடைசிவரை பிடிபடாத ஒரு மின்சார வைத்தியக் கருவிக்கு இருபது டாலர் கொடுத்தாள். அப்படிப்பட்டவள், காதலர்கள் சேர்ந்து சாக நினைத்துச் சறுக்குவண்டியை எல்ம் மரத்தில் மோதிச் சாகாமல் பிழைத்தபின், முடங்கிப்போன மேட்டியையும் நொண்டியான ஈதனையும் வைத்துக்கொண்டு இருபத்துச் சொச்சம் ஆண்டு சமைத்துப் போட்டிருக்கிறாள். கடமையைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு இதில் ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை.

மறுப்புகளை வரவேற்கிறோம். ஜீனாவின் பக்கம் நின்று யாராவது எழுதினால், சந்தா பாக்கி வைத்தவரானாலும், அடுத்த இதழில் முதல் கட்டுரையாக வரும்.