இருதய நோயாளியின் கால்கள்

இருதயம் பலவீனப்பட்டவர் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது எமது மக்களிடையே வேரூன்றிப்போன எண்ணமாகும். மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும் வீடுகளைத் தரிசிக்கச் செல்லும்போது, விறாந்தையின் மூலையில் சாய்மனைக் கதிரையில் முழுநாளும் இருத்தி வைக்கப்பட்ட பெரியவர்களைக் காண்கின்றோம். கரைவலை இழுத்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், இன்று மலசலகூடத்துக்குப் போவதற்கும் மகளின் தோளைத் தேடுகிறார். பிள்ளைகள் அன்பினால்தான் அவரை அப்படி வைத்திருக்கின்றனர். அந்த அன்பே அவரை மேலும் பலவீனமாக்குகின்றது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். எனினும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருகாலத்தில் வைத்தியர்களும் ஓய்வையே விதித்தனர். 1980களின் பிற்பகுதியிலிருந்து செய்யப்பட்ட ஆய்வுகள் அந்தக் கருத்தை மாற்றின. இருதயம் போதிய இரத்தத்தை அனுப்ப முடியாமற் போகும்போது உடலின் தசைகளும், சிறப்பாகக் கால் தசைகள், மெலிந்து பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கின்றன. ஆகவே நாலடி நடந்ததும் வரும் களைப்பில் இருதயத்துக்கு மட்டுமல்ல, கால்களுக்கும் பங்குண்டு. படுத்திருக்கப் படுத்திருக்க அந்தப் பங்கு கூடுகிறது. 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 2,331 நோயாளிகள் பங்குபற்றினர். வைத்தியரின் மேற்பார்வையில் தொடங்கும் பயிற்சி இவர்களுக்கு ஆபத்தானதல்ல என்பது அதில் தெளிவாயிற்று. இயலுமானவர்கள் அனைவரும் பயிற்சி செய்யவேண்டும் என்று ஐரோப்பிய இருதயவியற் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது.

இயலாதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் தசைகளை மின்சாரத்தால் தூண்டும் முறை வருகின்றது. தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலியரான கல்வானி 1791இலேயே எழுதி வெளியிட்டார்; தத்துவம் ஒன்றும் புதிதல்ல. தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒட்டும் பட்டைகளை வைத்து, பற்றரியில் இயங்கும் சிறு கருவியிலிருந்து மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்துவார்கள். தசை சில செக்கன்கள் இறுகும், பின் தளரும். நோயாளி கதிரையில் இருந்தபடியே நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம், கிழமையில் ஐந்து நாட்களாவது, ஐந்து முதல் பத்துக் கிழமைகள் வரை இதைச் செய்வது வழக்கம். இருதயத்துக்கு அதிக சுமை ஏறுவதில்லை. இவ்வாறு செய்தவர்கள், எதுவும் செய்யாதிருந்தவர்களைவிட ஆறு நிமிடங்களில் கூடிய தூரம் நடந்தார்கள் என்று பல சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் உண்மையான பயிற்சியைவிட இது சிறந்தது என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆயுளைக் கூட்டும் என்பதற்கும் சான்றில்லை. நடக்க இயலாதவரை நடக்கும் நிலைக்குக் கொண்டுவரும் ஒரு படி இது, அவ்வளவுதான். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வைத்தியரின் அனுமதியின்றி இதைத் தொடக்கூடாது. சலரோகத்தால் கால் மரத்துப்போனவருக்குத் தோல் எரிவதும் தெரியாது. ‘நரம்புக்கு நல்லது’ என்று வீடு வீடாகக் கருவி விற்க வருபவர்கள் இவற்றைச் சொல்வதில்லை. கடன்பட்டு அதை வாங்க வேண்டாம்.

எமது மாவட்டத்தில் கருவியைவிட அரிதானது அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் கைகள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் படகுப்பாதைக்குக் காத்திருக்கும் துன்பம் தீர்ந்தது உண்மையே. ஆயினும் மூச்சு வாங்கும் ஒருவர் வெருகலிலிருந்து திருகோணமலை வைத்தியசாலைக்குக் கிழமைக்கு மூன்று தடவை பஸ் ஏறுவாரா? யோவான் நற்செய்தியில் 38 ஆண்டுகள் நோயுற்றிருந்து குளக்கரையில் கிடந்தவரின் முறைப்பாடு, தன்னைத் தண்ணீரில் இறக்கிவிட ஆளில்லை என்பதுதான். மருந்து அங்கேயே இருந்தது, ஆள்தான் இல்லை.

வெளிநாட்டு உதவி என்றதும் கருவி கேட்கும் பழக்கம் எமது நிறுவனங்களுக்கும் உண்டு. பெயர்ப்பலகையோடு படம் எடுத்தபின் அலுமாரியில் தூசு படிந்த கருவிகள் எத்தனை! எனது அபிப்பிராயம் இதுவே: ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் இரண்டு மூன்று கருவிகள் இருக்கட்டும், வைத்தியர் குறித்துக் கொடுப்பவருக்குப் பத்துக் கிழமைக்கு இரவல் கொடுத்துத் திரும்பப் பெறட்டும். மாதமொரு முறையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அங்கு வரட்டும். இதற்கான கோரிக்கையைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும், பள்ளிவாசல், கோவில் நிருவாகங்களோடு சேர்ந்தே, மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் முன்வைக்க வேண்டும். நோய்க்குச் சமய வேறுபாடு இல்லை.

அதுவரை நடக்கக்கூடியவர்களை நடக்கவிடுவோம். கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டபின், வெயில் ஏறுமுன், சமதரையில், கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் ஐந்து நிமிடம் போதும். கடற்கரை மணல் வேண்டாம். கிழமைக்குச் சில நிமிடங்கள் கூட்டலாம். கருவாட்டைக் குறைக்க வேண்டும், அது எமது கரையில் கடினம்தான். தினமும் காலையில் நிறையைப் பார்க்க வேண்டும். மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினாலோ கால் வீங்கினாலோ நடையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நிறுக்கும் தராசு எல்லா வீட்டிலும் இராது. பங்குப் பணிமனை வாசலில் ஒன்றை வைத்தால் யாரும் வந்து ஏறிப் பார்க்கலாம்.