மூன்று வருஷக் கணக்கு

"மில் வேலையாவது கிடைக்கிறதே, இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பட்டினிதானே?" கல்லல் பக்கம் சுமங்கலித் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் என் வயதுக்காரர்கள் சொல்லும் பதில் இது. பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வானம் பார்த்த பூமியிலிருந்து பெண் பிள்ளைகளைப் புரோக்கர் திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பக்கத்து நூற்பாலைகளுக்கு அழைத்துப் போவார். விடுதியில் தங்கி மூன்று வருஷம் வேலை. மாதாமாதம் கையில் சிறு தொகை. முடிவில் 30,000, 50,000 என்று மொத்தமாக, கல்யாணச் செலவுக்கு. ஊர் உலகம் பேச ஆரம்பித்ததும் பல இடங்களில் பெயரை மாற்றினார்கள், முறையை மாற்றவில்லை.

நான் வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 50,000ஐ 1,095 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 46 ரூபாய்கூட வரவில்லை. அதுவும் பரிசு அல்ல, அவள் கூலியில் பிடித்து வைத்ததுதான். அதாவது, முதலாளிக்கு அந்த ஏழைப் பெண் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறாள். நடுவில் திரும்பினால் அசலும் போச்சு. பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி 31ஆம் மாதம் மஞ்சள் காமாலையோடு வீடு வந்தாள். "மூன்று வருஷம் முடியவில்லையே" என்று மில்லில் கையை விரித்துவிட்டார்கள்.

மூன்று வருஷக் கணக்கு நம் செட்டிநாட்டுக்குப் புதிதா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஏஜென்டுகள் மூன்று வருஷத்துக்குப் பேசிக்கொண்டுதான் கப்பலேறினார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைத்தது. லாபத்தில் பங்கும் உண்டு. அங்கே முதலாளி ஆளை நம்பிப் பணத்தை முன்னால் கொடுத்தார். இங்கே பதினாறு வயதுப் பிள்ளை முதலாளியை நம்பி உழைப்பை முன்னால் கொடுக்கிறது.

"ஏழை நாடு இப்படித்தான் முன்னேறும், இங்கிலாந்தும் அப்படித்தான் வந்தது" என்பார்கள் சிலர். அந்த இங்கிலாந்தே 1831இல், கூலியைச் சரக்காகத் தள்ளிவிடாமல் காசாகவே கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் வெள்ளைக்காரன் காலத்து 1936 சட்டமே ஒரு மாதத்துக்கு மேல் கூலிக் கணக்கை இழுக்கக்கூடாது என்று சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம், டெல்லி ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு சொன்னது. பசி துரத்தி வந்தவன் விரும்பி வந்தவன் ஆகமாட்டான் என்பதுதான் அதன் சாரம்.

மில்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை பொய்த்தால் இந்தப் பக்கம் வேறு என்ன இருக்கிறது? பட்டினி என்பது வேலைக்குப் போக நியாயம். கூலியைப் பிடித்து வைக்க அது எப்படி நியாயம் ஆகும்?

பெரியவர்களே, உங்கள் தெருவுக்குப் புரோக்கர் வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். முழுச் சம்பளமும் மாதாமாதம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழுமா? பி.எஃப். எண் தருவார்களா? நினைத்த நாளில் வீட்டுக்கு வர விடுவார்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் ஆளைத் திருப்பி அனுப்புங்கள்.