தொட்டிலை எங்கே கட்டுவது?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாகச் சொன்னது. இந்த எண்ணைச் சொல்லாமல் நம் சுகாதாரத் துறையின் விழா எதுவும் முடிவதில்லை. அதே கணக்கெடுப்பின் இன்னோர் எண் மட்டும் மேடை ஏறுவதே இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 64 விழுக்காடு, தமிழ்நாட்டில் 55. பிள்ளைப்பேறு வரை முன்னால் நிற்கும் மாநிலம், பிள்ளை கைக்கு வந்தபின் தேசியச் சராசரிக்கும் கீழே போய்விடுகிறது.

காரணம் ஒன்றல்ல. மாநிலத்தில் சுமார் 45 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிகின்றன. தையல் வலியோடு படுத்திருக்கும் தாய்க்கு முதல் சில மணி நேரத்தில் கைகொடுக்க ஆளில்லை என்றால் அங்கே பவுடர் பால் நுழைந்துவிடும். அதற்கு மருத்துவமனைகள் பதில் சொல்லட்டும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்தத் தாய் வேலைக்குத் திரும்பும் நாளை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகள், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மின்னணு ஆலைகள் எல்லாம் பெண்களை நம்பியே ஓடுகின்றன. இத்தனை பெண்களை வேலைக்கு அழைத்த மாநிலம், அவர்களுடைய கைக்குழந்தையை எங்கே விடுவது என்று மட்டும் இதுவரை சொல்லவில்லை.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, 12 வாரமாக இருந்த விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போகப் பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும். தாய் அங்கே நாளைக்கு நான்கு முறை போய்வரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பீடித் தொழிலாளருக்கான 1966ஆம் ஆண்டின் சட்டம், கட்டடத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டின் சட்டம் எல்லாமே காப்பகம் பற்றிப் பேசின. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டின் சட்டம்கூட, வேலையிடத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தரச் சொன்னது. ஏட்டில் இந்தியத் தாய்க்கு ஒரு குறையும் இல்லை.

இனி அந்த 26 வாரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு வேறு வழியில்லை, எடுத்தே தீர வேண்டும். மிஞ்சுவது 18 வாரம். அவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாட்கள் ஆகியிருக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள், இரண்டு வயது வரையாவது தொடருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். நான்காவது மாத முடிவில் என்ன செய்வது என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. மூன்றாவது பிரசவமென்றால் விடுப்பே 12 வாரம்தான்.

பால் குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். மூன்று நான்கு மணி நேரம் குடிக்க ஆளில்லாவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், கனத்து வலிக்கும், ரவிக்கை நனையும், விட்டால் நெறி கட்டிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். எதிரே லைன் ஓடிக்கொண்டிருக்கிறது, மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் இருக்கிறது, ஆண் சூப்பர்வைசரிடம் போய் இதைச் சொல்லக் கூச்சம். கழிவறையில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்து மறுபடி மிஷினில் உட்காருவதுதான் நடக்கிறது. சில வாரம் இப்படியே போனால் உடம்பு தானாகவே பாலைக் குறைத்துக்கொள்ளும். பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊர்க் கைவைத்தியம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும், வளர்ந்த பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பவளுக்கும் சொல்லப்பட்டது அது. நான்கு மாதக் குழந்தை வீட்டில் இருக்க, ஷிப்ட் நேரத்துக்காக ஒருத்தி பூ வாங்கிக் கட்டிக்கொள்ள நேர்வது நாகரிகமான மாநிலம் ஒன்று பொறுத்துக்கொள்ளக்கூடிய காட்சியல்ல.

இதற்குத் தேவைப்படுவது அப்படியொன்றும் பெரிதில்லை. தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை, நாற்காலி, கைகழுவத் தண்ணீர், ஒரு சிறிய ஃபிரிட்ஜ், சம்பளம் பிடிக்காத இருபது நிமிடம். பீய்ச்சிய பால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும். பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. நல்ல சட்டம்தான். ஆனால் டப்பாவை விற்க இன்று விளம்பரம் வேண்டாம். எட்டு மணி நேர ஷிப்டும் ஓவர்டைமும் போதும்.

தமிழ்நாடு அரசு தன் ஊழியருக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆறு மாதமாக இருந்த மகப்பேறு விடுப்பு 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் ஓராண்டாகவும் உயர்ந்தது. இரண்டு கட்சி ஆட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு செய்த நல்ல காரியம். 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் வந்தன. ஆனால் ஓராண்டு விடுப்பு பெறும் அதிகாரியின் அறையைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஓராண்டு கிடையாது. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று தில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2000இல். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டில் அந்தத் தீர்ப்பு இன்னும் ஏறவில்லை. பேருந்து நிலைய அறையோ பயணம் போகும் தாய்க்கானது. வேலையிடத்தில் நிற்கும் தாய்க்கு அதனால் என்ன பயன்?

ஏன் காப்பகங்கள் வரவில்லை? முதலாளிகளின் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சட்டத்தின் கட்டமைப்பிலேயே கோளாறு இருக்கிறது என்பது நம் கருத்து. ஒவ்வொரு நிறுவனமும் தன் செலவில், தன் கட்டடத்தில் தனித்தனியே காப்பகம் நடத்த வேண்டும் என்பதுதான் இத்தனை சட்டங்களின் அடிப்படை நினைப்பு. தொழிற்சாலைகள் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றது. முப்பத்தொன்றாவது பெண்ணை எடுக்காமல் இருப்பதே முதலாளிக்கு லாபமாகிவிட்டது. 2017 திருத்தம் ஆண், பெண் சேர்த்து ஐம்பது என்று மாற்றியது ஒரு முன்னேற்றம். ஆனால் 26 வாரச் சம்பளம் முழுவதையும், இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு, அந்த ஒரே நிறுவனத்தின் தலையில் வைத்தது. அதில் ஏழு வாரச் சம்பளத்தை நிறுவனங்களுக்குத் திருப்பித் தருவது பற்றி மத்திய அரசு 2018இல் பேசியது, பேச்சோடு நின்றது. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே செல்போன் ஆலை ஒன்று திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்து, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கலாம். தாய்மையின் செலவு முழுவதையும் ஒரு முதலாளியிடம் கொடுத்தால், அவர் தாயாகக் கூடியவரையே வாசலில் நிறுத்திவிடுவார்.

இதை முன்கூட்டிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், எனவே அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசே தாங்க வேண்டும் என்பது அவர் நிலை. அரசு அதற்கு முன்வராத நிலையில், அந்தப் பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளி ஒரு பங்கைச் சுமப்பதில் தவறில்லை என்றும் சொன்னார். நூறாண்டு நெருங்கப் போகிறது. நாம் இரண்டாவது வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டோம்.

முடியாத காரியம் என்று தொழிலதிபர்கள் சொன்னால், தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கச் சொல்லலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் அல்லது இருபது குழந்தைகள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. இலங்கை மலையகத்தில் அதற்குப் பிள்ளைக் காம்பரா என்றே பெயர். தோட்டத் துரைமார்கள் கருணையில் கரைந்து அதைக் கட்டவில்லை. கொழுந்து பறிக்கப் பெண்களின் விரல் வேண்டும், அந்த விரல் மலைக்கு வர வேண்டுமென்றால் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆயா வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. திருப்பூருக்கும் ஒரகடத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது என்று யாராவது விளக்கினால் கேட்கத் தயார்.

நம் கோரிக்கை இதுதான்: காப்பகத்தை நிறுவனத்தின் கடமை என்ற இடத்திலிருந்து எடுத்து, சாலை, குடிநீர், தெருவிளக்கு போலத் தொழிற்பேட்டையின் அடிப்படை வசதிகளில் ஒன்றாக அரசு ஆக்க வேண்டும். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக நடத்தலாம் என்று 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பே சொல்கிறது. புதிதாகச் சட்டம் தேட வேண்டியதில்லை. சிப்காட், சிட்கோ வளாகங்களில் தீயணைப்பு நிலையத்துக்கு இடம் ஒதுக்குவது போல இதற்கும் ஒதுக்கலாம். செலவுக்கு எல்லா நிறுவனங்களிடமும் தொழிலாளர் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க வேண்டும். பத்துப் பெண்களை வைத்திருப்பவரும் ஒரு பெண்ணையும் எடுக்காதவரும் ஒரே விகிதத்தில் கட்டினால், பெண்ணை எடுக்காமல் இருப்பதில் மிச்சம் பிடிக்க முடியாது. 1972இல் இயற்றிய தொழிலாளர் நல நிதிச் சட்டம் இருக்கிறது, அதற்கு ஒரு வாரியமும் இருக்கிறது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நல வரியாகத் தனியே வசூலாகிறது. செங்கல் சுமக்கும் பெண்ணின் குழந்தை மணல் குவியலில் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு என்ன இருக்கிறது? காந்தி நூற்றாண்டான 1969இல் தில்லியில் ஒரு கட்டுமான இடத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகங்கள் இதைச் செய்து காட்டின. அரசுக்கு முன்மாதிரிப் பஞ்சம் இல்லை.

கடைவீதிகளை மறந்துவிடக்கூடாது. சென்னை ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் நாற்பது பேர், அடுத்த கடையில் முப்பது பேர். இப்படிப் பல கடைகள் ஐம்பதைத் தொடாது, தெரு முழுக்கச் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். அந்த விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021இல் சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தத் தெருவுக்குப் பொதுவாக ஒரு காப்பகம் என்பது அதிலிருந்து ஓர் அடி தூரம்தான்.

எல்லோருக்கும் வேலையிடக் காப்பகம் சரிப்படாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி இரண்டு மணி நேரம் வருகிறவர், ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற மாட்டார். ஏறச் சொல்வதும் கொடுமை. அவருக்கு ஆலையில் பால் பீய்ச்ச அறையும் ஃபிரிட்ஜும், ஊரில் ஷிப்டுக்கு ஏற்றபடி திறந்திருக்கும் காப்பகமும் வேண்டும். மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே பகல் முழுக்க இருப்பது இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், கைக்குழந்தைக்கு இடமில்லை. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் பணம் தருகிறது. கர்நாடகம் 2023இல் ‘கூசின மனே’ என்ற பெயரில் 4,000 கிராம ஊராட்சிகளில் காப்பகங்களை அறிவித்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தக் கூடுதல் வேலையை, மதிப்பூதியம் என்ற பெயரில் சம்பளத்துக்கும் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கும் அங்கன்வாடி ஊழியர் தலையிலேயே ஏற்றிவிடக்கூடாது. ஒரு தாயை வேலைக்கு அனுப்ப இன்னொரு தாயைக் கூலியில்லாமல் நிறுத்தி வைப்பது தீர்வாகாது.

வீட்டில் பாட்டி இருக்கிறாரே என்பார்கள். பாட்டியே களையெடுக்கவும் வீட்டு வேலைக்கும் போகிற காலம் இது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பாட்டியும் ஆயிரம் மைலுக்கு அப்பால். காப்பகம் வைத்தாலும் தாய்மார்கள் குழந்தையை விடுவதில்லை என்பது இன்னொரு வாதம். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் பூட்டுத் திறக்கிற அறையில் யார் விடுவார்கள்? அப்பாவும் விடலாம், அப்பாவும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விதியில் எழுதினால் வருகிற குழந்தைகளும் கூடும். இன்றைய சட்டம் நான்கு முறை போய்வரும் உரிமையைப் பெண்ணுக்கு மட்டுமே சொல்லி, பிள்ளையை அவள் கணக்கிலேயே வைத்துவிட்டது.

திருப்பூரில் தொடங்கலாம். பனியன் கம்பெனிகள் நெருங்கியிருக்கும் பகுதிகளில், பெண்கள் நடந்துபோய்ப் பாலூட்டித் திரும்பும் தூரத்துக்குள், முதல் ஷிப்டுக்கு முன் திறந்து ஓவர்டைம் முடிந்தபின் மூடும் பத்துக் காப்பகங்கள். பயிற்சி பெற்ற ஆயாக்கள், அவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, கைக்குழந்தைகளுக்குத் தனி அறை, பாலுக்கு ஃபிரிட்ஜ். பாலூட்டப் போன நேரத்துக்குப் பீஸ் ரேட்டில் கை வைக்கக்கூடாது என்று ஓர் அரசாணை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் தொழிலாளர் நலத் துறையின் மானியக் கோரிக்கையில் இதற்கென ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்போம்.