குடிக்கூலியும் முன்பணமும்

விடுதி வாழ்வு முடித்துச் சென்னையில் முதல் உத்தியோகம் ஏற்கும் நம் இளைஞர், மாத வாடகையைச் சம்பளத்தோடு ஒப்பிட்டு, 'இது நம்மால் இயலும்' என்று துணிகின்றனர். அவர்களைக் கடனில் வீழ்த்துவது வாடகையன்று, முன்பணமே என்பது நமது கருத்து.

வாடகை ரூபாய் 10,000 எனக் கொள்வோம். நெடுநாள் வழக்கப்படி பத்து மாத முன்பணம் கேட்பாராயின், சாவி கைக்கு வருமுன் ரூபாய் 1,00,000 வேண்டும். திரும்பி வரும் பணமேயாயினும், அதனைக் கடனாகப் பெறுவோன் வீட்டிற்கு வாடகையும் கடனுக்கு வட்டியுமாக இருமுறை இறுக்கின்றான். பெற்றோர்க்கு அனுப்பவேண்டிய பொருள் இவ்வாறு வட்டிக்குப் போதல் தகுமோ?

2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாதென்கிறது. பத்து மாதமென எழுதிய பத்திரத்திற் கையொப்பமிடின், அக்காப்பினை நாமே கைவிட்டவராவோம். ஆதலின் கையொப்பத்திற்கு முன்பே பணிவுடன் வாதாடுதல் கடன். வீட்டுக்காரர் இசையாராயின், பணம் சேருமளவும் நண்பரோடு ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்க. அஃது இழிவன்று, விடுதியில் நாம் பயின்ற வாழ்வே அன்றோ?