இறக்கிப் பார்த்துடலாம் சார்!

பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பரிச்சயமான வசனம் ஒன்று உண்டு. "கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம் சார்!" கியர் கொஞ்சம் இறுக்கமாக விழுகிறது என்று சொல்லி ஒர்க் ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தினால் போதும். சாவியை வாங்கும்போதே வசனம் வந்துவிடும். ஏ.சி. போட்ட பெரிய இடம் என்றால் இதையே நாசூக்காகச் சொல்வார்கள். "வண்டிக்கு வயசாயிடுச்சு சார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போயிட்டிருக்கு, பார்க்கறீங்களா?"

இரண்டுமே பெரும்பாலான சமயங்களில் அநியாயம் என்பது என் கட்சி.

கியர் இறுகுவதற்குக் காரணங்கள் பல. அதில் கியர் பாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டிய காரணங்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. கிளட்ச் வயர் தளர்ந்திருக்கலாம். கியர் லீவரையும் பாக்ஸையும் இணைக்கிற ராடில் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். கிரீஸ் காய்ந்திருக்கலாம். கியர் ஆயில் கெட்டிருக்கலாம். ஒரு பொத்தான் உயர்ந்தால் சட்டை சரியாக நிற்காது. அதற்காகச் சட்டையையே தூக்கிப் போடுவோமா?

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று பல் ஒட்டாமல் நின்றால் வண்டியை ஒரு சாண் நகர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். இன்ஜின் ஓடாதபோது வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச். மிதித்தாலும் அது முழுதாக விடுபடவில்லை. வயரையோ ஆயில் அழுத்தத்தையோ சரிபார்க்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போதே எல்லா கியரும் இறுக்கம் என்றால் லீவர், ராடு, புஷ், கியர் ஆயில் பக்கம் போக வேண்டும். எல்லாம் சரி, ஓட்டும்போது இரண்டாவது கியர் மட்டும் கரகரவென்று அரைக்கிறது என்றால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது இறக்குங்கள், நான் தடுக்கவில்லை. மொத்தப் பரிசோதனைக்கும் பத்து நிமிடம் போதும்.

இந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் தருவதில்லை.

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருபது வயது தாண்டிய சின்ன கார் வைத்திருக்கிறார். கியர் விழவில்லை என்று ஓர் இடத்தில் விட்டார். பாக்ஸை இறக்க வேண்டும் என்று அவருடைய ஒரு மாத பென்ஷனுக்கு நெருக்கமாக எஸ்டிமேட் போட்டார்கள். பயந்துபோய் புவனகிரி பக்கம் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கிருந்த பாய் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"வாத்தியாரே, இந்த மேட்டை யாரு போட்டா?"

"பேரன் வாங்கிப் போட்டான் பாய். ஏற்கெனவே இருந்ததுக்கு மேலயே போட்டுட்டான்."

"அதான் பெடல் பாதியில நிக்குது. கிளட்ச் எங்கேர்ந்து விடும்?"

மேல் மேட்டை உருவிப் போட்டார். கிளட்ச் வயரைக் கொஞ்சம் டைட் செய்தார். டீக்காசு மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த கார் இன்னும் நாலு வீதியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எல்லாக் கோளாறும் மேட்டை உருவினால் போய்விடாது. ஆனால் விலை குறைந்த காரணத்தை முதலில் பார்ப்பது ஒரு தொழில் தர்மம். தலைவலி என்று வந்தவரை நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற டாக்டரை நாம் ஒப்புக்கொள்வோமா?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வண்டிகளுக்கு இந்தப் பொறுமை இன்னும் அதிகம் தேவை. கடலூர் ஓல்டு டவுனிலும் தேவனாம்பட்டினத்திலும் வாசலில் நிற்கிற வண்டியின் அடிப்பாகத்தை உப்புக் காற்று தின்றுகொண்டே இருக்கும். வயரும் லீவர் மூட்டும் துருப்பிடித்தால் கியர் இறுகத்தான் செய்யும். போதாததற்கு வெள்ளம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015-ல் நவம்பரும் டிசம்பரும் சேர்ந்து மாவட்டத்தையே மூழ்கடித்தன. 2020 டிசம்பரில் புரெவி மழையில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. கியர் பாக்ஸுக்கு மூச்சு விட ஒரு சின்னத் துவாரம் உண்டு. வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றால் அந்த வழியாக உள்ளே நீர் இறங்கிவிடும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு வந்துவிடும். உடனே வடித்துவிட்டுப் புது ஆயில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆறு மாதம் அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பல்லும் போகும். அதற்குப் பிறகு வருகிறவருக்குச் சொல்லத்தான் இருக்கிறதே, இறக்கிப் பார்த்துடலாம் சார்!

பழைய டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருந்த காலம். நடுரோட்டில் கியர் மாட்டிக்கொள்வது சகஜம். டிரைவர் இறங்கி பானெட்டைத் திறப்பார். ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கிற லீவர்களைக் கையாலேயே நேராக்குவார். கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்காருவார். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரில்லை. வண்டி எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தத் தெரிதலை நம்மிடமிருந்து பிடுங்கியவர்கள் யார்?

பட்டறைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் கையில் என்ன கொடுத்திருக்கிறோம்? பல மாடல்களில் விரல் நுனி அளவு புஷ் தனியாகக் கிடைக்காது. முழு அசெம்ப்ளியாக வாங்கு என்பார்கள். எந்த கியர் பாக்ஸுக்கு எந்த ரக ஆயில் என்ற விவரம் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அது பட்டறைக்கு வராது. ஜி.எல். 4 ஊற்ற வேண்டிய இடத்தில் கடைக்காரர் கொடுத்த ஜி.எல். 5 போகும். சில வகை ஜி.எல். 5 ஆயில் சிங்க்ரோ ரிங்கின் பித்தளைக்கு ஆகாது. பழி கடைசியில் வண்டியின் வயசு மேல் விழும்.

இது என் கற்பனைப் புகார் அல்ல. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இந்த உரிமைக்காக மக்கள் ஓட்டே போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24-ல் 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு வெப்சைட் தொடங்கியது. சந்தோஷம். புவனகிரி பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிற பையனின் கைக்கு அதனால் என்ன வந்தது?

அதே அரசு 2021-ல் பழைய வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்பும் கொள்கையைக் கொண்டுவந்தது. 15 வருடம் முடிந்த சொந்தக் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-ல் 20 வயது தாண்டிய வண்டிகளுக்கு அதையும் ஏற்றினார்கள். புகை கக்கும் வண்டி, பிரேக் பிடிக்காத வண்டி சாலைக்கு வரக் கூடாது. முழுச் சம்மதம். பழைய கார்களில் ஏர் பேக் இல்லை என்பதும் நியாயமான கவலை. ஆனால் வண்டியைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். பிறந்த வருடத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். ஒழுங்காகப் பராமரித்த 18 வயது கார், கவனிக்காமல் விட்ட 8 வயது காரைவிட நல்ல நிலையில் இருக்கும். புது காருக்கு இ.எம்.ஐ. கட்ட முடியாத குடும்பத்துக்கு அந்தப் பழைய கார்தான் ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி போகிற வழி. வாடகை ஓட்டுகிறவருக்கு அதுதான் சோறு.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. சின்ன உதிரிபாகத்தைக் கம்பெனிகள் தனியாக விற்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தைத் தமிழில் தர வேண்டும். கம்பெனிகள் தராவிட்டால் நம் ஊரிலேயே செய்யலாம். கடலூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் துறையே இருக்கிறது. பட்டறை பாய்களையும் அண்ணன்களையும் கூட்டி உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து ஒரு கையேடு போட எத்தனை மாதம் ஆகும்?

மூன்றாவது கோரிக்கை உங்களிடம். அடுத்த முறை யாராவது "இறக்கிப் பார்த்துடலாம் சார்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கியர் போட்டுப் பார்த்தீங்களாண்ணே?" பார்த்தேன் என்று அவர் விவரமாகப் பதில் சொன்னால் தாராளமாக வண்டியை விடுங்கள். முறைத்தால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குக் கிளம்புங்கள்.